மலை யாருடையது?

பாரீசில் இருக்கும் என் பழைய பள்ளித் தோழர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவார். அவரும் நானும் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவர் அந்தக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு போனார், நான் இங்கேயே குமாஸ்தாவாகிப் பென்ஷன் வாங்குகிறேன். போன தடவை பேசும்போது, "நீ கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிற ஊரில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார். குடுமியான்மலையைப் பற்றிச் சொன்னேன். சங்கீதக் கல்வெட்டு, சிற்ப மண்டபம், குகைக் கோயில், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் இங்கே இருந்திருந்தால் எப்படி வைத்திருப்பார்கள் தெரியுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பொய் என்பதால் வந்த கோபமில்லை. பாதி உண்மை என்பதால் வந்தது. மீதிப் பாதியை எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. அதனால் இந்தப் பதிவு சற்று நீளம்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். இலுப்பூர் வட்டம், அன்னவாசல் ஒன்றியம். என் மனைவி பிறந்த ஊர். அரசாங்கத்தின் அண்ணா பண்ணையும் வேளாண்மைக் கல்லூரியும் இருப்பதால் இந்தப் பக்கத்தில் பெயர் தெரியும். அதற்கு வெளியே, சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் கால்வாசிப் பேர் இங்கும் எட்டிப் பார்த்தால் அதிகம். பழைய கல்வெட்டுகளில் ஊருக்குத் திருநலக்குன்றம் என்று பெயர். பிறகு சிகாநல்லூர். சுவாமி சிகாநாதர், அம்பாள் அகிலாண்டேஸ்வரி. பூமாலையில் தலைமயிர் இருந்ததைப் பார்த்து அரசன் கேட்க, பயந்துபோன குருக்கள் சுவாமிக்கே குடுமி இருக்கிறது என்று உளறிவைக்க, அவரைக் காப்பாற்றச் சுவாமி லிங்கத்தில் குடுமி காட்டினார் என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்ட ஒரு சின்ன உத்தியோகஸ்தனைக் காப்பாற்றிய தெய்வம். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இதைவிட நெருக்கமான சாமி வேறு எது?

பாறையைக் குடைந்த மேலைக்கோயிலின் பக்கத்தில்தான் அந்தக் கல்வெட்டு. ஒரு அறையின் சுவர் அளவுக்கு, பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் அமைப்பை வைத்து 7-ஆம் நூற்றாண்டு என்பார்கள். மகேந்திரவர்மன் வெட்டியது என்று பழைய நூல்களில் இருக்கும், மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஏழு பகுதிகளும் ஏழு பண் வகைகள். மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்யமம், கைசிகம். ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஸ என்று ஒரே எழுத்தாக இல்லாமல் ஸ, ஸி, ஸு, ஸெ என்று உயிர் மாற்றி மாற்றி வருகிறது. உருத்திராசாரியார் என்பவரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன், பாடம் படிக்கும் பிள்ளைகளின் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் செய்தி இருக்கிறது. பி.ஆர். பந்தார்கர் இதைப் படித்து 'எபிகிராபியா இந்திகா' பன்னிரண்டாம் தொகுதியில், 1913-14-இல், வெளியிட்டார்.

கவனியுங்கள். ஓர் அரசன் தன் வெற்றியையோ தானத்தையோ எழுதவில்லை. பிள்ளைகள் படிக்கப் பாடப்புத்தகத்தைப் பாறையில் வெட்டினான். இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்? பத்தாவது படிக்கும் என் மைத்துனர் பேரனைக் கேட்டேன். "அது கவர்மென்ட் கல்வெட்டு தாத்தா, தொடக்கூடாது" என்றான்.

'அது கவர்மென்ட் கல்வெட்டு.' என் வழக்கு முழுக்க இந்த ஒரு பதிலைப் பற்றியதுதான்.

2011-இல் என் தங்கை மகன் என்னைப் பிரான்சுக்கு அழைத்துப் போனான். ஐஃபில் கோபுரம், லூவ்ர் எல்லாம் காட்டினான். நான் கேட்டது ஒரே ஒரு ஊர்: வெஸ்லே. காரணம் ரொமேன் ரொலான். காந்தியையும் ராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றிப் பிரெஞ்சில் எழுதியவர். பள்ளியில் எங்கள் வாத்தியார் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1944 டிசம்பரில் இறந்தது வெஸ்லேயில். பர்கண்டிப் பகுதியில், வயல்களுக்கு நடுவே ஒரு குன்று. குன்றின் மேல் மரி மதலேன் பெயரில் ஒரு பெரிய கோயில். அடிவாரத்திலிருந்து கோயில் வரை ஒரே ஒரு தெரு ஏறிப் போகிறது. தெருவில் யாத்திரீகர்களுக்கு அடையாளமாக வெண்கலத்தில் சிப்பிகளைப் பதித்திருக்கிறார்கள். மூச்சு வாங்க ஏறும்போது எனக்குக் குடுமியான்மலை நினைப்புத்தான். இங்கேயும் உச்சியில் முருகன் இருக்கிறான், அங்கேயும் மூட்டு வலிக்கிறது.

கோயிலின் உள்வாசலுக்கு மேலே கல்லில் ஒரு பெரிய அரைவட்டச் சிற்பம். அதில் உலகத்து மக்களையெல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். நாய்த்தலை மனிதர், யானைக்காது மாதிரி காது உள்ளவர்கள். கீழ்த்திசையில் இப்படிப்பட்டவர்கள் வாழ்கிறார்கள் என்று அக்காலத்து ஐரோப்பியர் நம்பினார்களாம். தங்கை மகன் என் காதைப் பார்த்துச் சிரித்தான். போகட்டும்.

அந்த ஊரின் மக்கள் தொகை ஐந்நூறுக்கும் குறைவு. அதாவது நம் பக்கத்தில் ஒரு பெரிய தெரு. அதற்கு ஒரு மேரி, ஒரு மேர், பத்துப் பதினொரு கவுன்சிலர்கள். (புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஊர் நிர்வாகத்துக்குக் கொம்யூன் என்று பெயர், அதன் தலைவர் மேர், அவர் ஆபீஸ் மேரி.) யுனெஸ்கோ 1979-இல் உலகப் பட்டியலில் சேர்த்த அந்தக் கோயில் யாருக்குச் சொந்தம் தெரியுமா? போப்பாண்டவருக்கு இல்லை. பாரீஸ் அரசாங்கத்துக்கும் இல்லை. அந்த ஐந்நூறு பேருக்கு. கொம்யூனுக்கு. 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதைத் தொடர்ந்து 1907, 1908-இல் வந்த சட்டங்களுக்கும் பிறகு, அதற்கு முன் கட்டிய ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் அந்தந்தக் கொம்யூனின் சொத்து. பெரிய கதீட்ரல்கள் மட்டும் அரசின் சொத்து. வழிபாடு பாதிரியாருடையது, கூரை ஒழுகினால் கவலை மேருடையது.

இதைச் சொன்னதும் இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். என் மைத்துனரே கேட்டார். "மச்சான், உங்க பிரெஞ்சுக் கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க ஊர்க்காரன் கையில குடுத்தா நாளைக்கே டைல்ஸ் ஒட்டி, தூணுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு, சீரியல் லைட்டு போட்டுருவான். பரவால்லயா?"

நியாயமான கேள்வி. ஆனால் அங்கே சொந்தம் என்றால் இஷ்டம் என்று அர்த்தமில்லை. 1913-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியலில் ஏறிய கட்டடத்தில் மேர் ஒரு கல்லைக்கூட அனுமதியில்லாமல் மாற்ற முடியாது. அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் தன் வீட்டு ஜன்னல் கதவின் வண்ணத்தை மாற்றுவதற்கும் அரசாங்கக் கட்டடக் கலைஞரின் சம்மதம் வேண்டும். அந்த மனிதரைத் திட்டாத பிரெஞ்சுக் கிராமத்தானை நான் பார்க்கவில்லை. திட்டுகிறான், ஆனால் கோயிலைத் திட்டுவதில்லை. ஏனென்றால் கோயில் அவனுடையது.

இங்கே என்ன இருக்கிறது? 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் அதில் வந்த திருத்தம். நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. தேவையான சட்டம். இது இல்லாவிட்டால் பல இடங்களில் பாறையே மிஞ்சியிருக்காது, புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் குவாரியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொல்லியல் துறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிராமத்தானுக்கு இந்தச் சட்டத்தில் வந்து சேர்ந்தது 'கூடாது' என்ற பாதி மட்டும். 'உன்னுடையது' என்ற பாதி வரவேயில்லை. வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டப் போனால் குறுக்கே நிற்கிற பொருளாகத்தான் அவனுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல்வெட்டு அறிமுகமாகிறது. பிறகு அவன் எப்படி அதை நேசிப்பான்?

குகையும் கல்வெட்டும் ஒரு துறை. பூஜையும் நிர்வாகமும் இன்னொரு துறை. மலையைச் சுற்றிய நிலம் வருவாய்த் துறை. குளத்துக்கு வேறு ஆபீஸ். பஞ்சாயத்துக்கு? தெருவிளக்கும் குப்பைத் தொட்டியும். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கென்று 29 பொருள்கள் இருக்கின்றன. நூலகம் இருக்கிறது, பண்பாட்டு நடவடிக்கைகள் இருக்கிறது, சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது இருக்கிறது. தன் எல்லைக்குள் இருக்கும் பழைய கல்லைப் பற்றி ஒரு பஞ்சாயத்துத் தலைவரிடம் யாராவது கேட்டதுண்டா?

இப்போது என் பாரீஸ் நண்பருக்கு. ஐயா, நீங்கள் பிறவியிலேயே கல்லைப் பூஜிக்கிறவர்கள் மாதிரிப் பேச வேண்டாம். குளூனியில் என்ன நடந்தது? ரோமில் புனித பேதுரு ஆலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய கோயில் அது. புரட்சிக்குப் பிறகு விற்றுத் தொலைத்தீர்கள். வாங்கியவர்கள் வருஷக்கணக்கில் இடித்துக் கல்லை வண்டி வண்டியாக விற்றார்கள். 'வாந்தலிஸ்ம்' என்ற வார்த்தையையே பாதிரியார் கிரெகுவார் 1794-இல் உங்கள் ஊர் ஆட்கள் செய்த அழிவைச் சொல்வதற்காகத்தான் உருவாக்கினார். வெஸ்லே கோயில் எந்த நிலையில் இருந்தது? 1834-இல் அரசாங்க இன்ஸ்பெக்டராக மெரிமே வந்து பார்த்தபோது விழும் நிலை. 1840-இல் வியொலே லெ துக் என்ற இருபத்தாறு வயதுப் பையனிடம் அதை ஒப்படைத்தார்கள். அவன் நிறுத்தி வைத்தான். நிறைய மாற்றியும் விட்டான் என்று இன்றும் திட்டு வாங்குகிறான்.

எங்கள் ஊரில் நீங்கள் செய்ததையும் சொல்லட்டுமா? 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது துய்ப்ளேக்ஸ் காலத்தில் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறதே அழகான தூண்கள், அவை செஞ்சியிலிருந்து வந்தவை. ஆகவே, பரம்பரைக் குணம் என்று ஒன்றுமில்லை. இடித்தவர்கள்தான், வெட்கப்பட்டார்கள். வெட்கத்தைச் சட்டமாக்கினார்கள், சட்டத்தை ஊர் கையில் கொடுத்தார்கள். அந்தக் கடைசிப் படிதான் நமக்கு இன்னும் வரவில்லை.

அதுவும் வந்து கைநழுவிய இடம் ஒன்று உண்டு, என் சொந்த மண். 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் ஏற்பட்டன. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், திருநள்ளாறு என்று இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர்ப் பலகை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்ட 178 பேர் யார்? சட்டசபை உறுப்பினர்களும் இந்தக் கொம்யூன் கவுன்சிலர்களும்தான். 170 பேர் சேருவோம் என்றார்கள். ஒரு நாட்டின் தலைவிதியையே தீர்மானித்த கொம்யூன்களுக்கு அப்புறம் 1968-இல் ஒரு தேர்தல், அடுத்தது 2006-இல்! நடுவில் முப்பத்தெட்டு வருஷம். 2011-இல் அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. பிறகு மறுபடி பழைய கதை. கடற்கரையில் நின்ற மேரி கட்டடம், 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு அதே மாதிரி புதிதாகக் கட்டினார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேர் இல்லாத ஊரில் மேரி இடிந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

பாகூரில் பிறந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் எங்கள் ஊரில் கிடைத்தவை. நான் படித்த காலத்தில் வகுப்பில் எங்கள் மூதாதையர் கோல் இனத்தவர் என்று மனப்பாடம் செய்தோம். என் சொந்த ஊரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி இருந்தது என்று எனக்குத் தெரிந்தது ஐம்பது வயதில்.

நம் பழைய முறையைப் பார்த்தால், இந்தக் கொம்யூன் யோசனைக்குப் பிரான்சு வரை போயிருக்கவே வேண்டாம். குடுமியான்மலையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். ராஜா சொன்னது கொஞ்சம், ஊர் சொன்னது நிறைய. 'ஊரோம்' என்றுதான் கையெழுத்து, தன்மைப் பன்மையில். நிலம் விற்றோம், வரி விட்டோம், இசைந்தோம். உமையாள்வி நாச்சி என்ற கோயில் நடனப் பெண் தன் பணத்தில் கோயிலிடமிருந்து நிலம் வாங்கி அம்மன் சந்நிதி எழுப்பினாள் என்று கல்லில் இருக்கிறது. மேலே பாறையில் அறுபத்துமூவரும் வரிசையாக நிற்கிறார்கள். மண்டபத்தில் நரசிம்மரும் பத்துத் தலை ராவணனும் ரதியும் நிற்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒரு துறை செய்யவில்லை.

துறையும் ஒரு காலத்தில் சிறியதாக, பக்கத்தில் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அளவு எவ்வளவு? இன்றைய ஒரு மாவட்டத்துக்கும் குறைவு. 1910-இல் அங்கே ஒரு மியூசியம். 1929-இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் படியெடுத்து மூலத்தோடு அச்சடித்துவிட்டார்கள். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணைந்தது. இணைந்தது சரிதான், ராஜா வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாட்டுவண்டி தூரத்தில் இருந்த ஆபீஸ் ரயில் தூரத்துக்குப் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

எழுதி வைத்தது மட்டும் போதாது என்பதற்குத் திருமயம் சாட்சி. அங்கேயும் குடுமியான்மலை மாதிரியே ஒரு சங்கீதக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இருந்த வழக்கைத் தீர்த்து வைத்தார்கள். தீர்ப்பை எங்கே வெட்டினார்கள்? அந்தப் பழைய எழுத்தின் மேலேயே. சங்கீதம் போயிற்று, சொத்துத் தீர்ப்பு நிற்கிறது. நிச்சயம் அந்த யோசனையைச் சொன்னவன் என்னைப் போல ஒரு குமாஸ்தாவாகத்தான் இருப்பான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஒரு விவசாயி மனு கொண்டுவந்தார். அவர் ஊர் ஏரி மதகுப் பக்கம் எழுத்து வெட்டிய கல்தூண் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, ரோடு வேலைக்காரர்கள் உடைக்கப் போகிறார்கள், யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று. வேட்டி நுனியில் முடிந்து வைத்திருந்த காகிதத்தில், கல்லில் இருந்த எழுத்துகளைத் தன்னால் முடிந்தவரை பார்த்து வரைந்தும் வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் பதிவேட்டில் ஏற்றினேன். குறிப்பெழுதினேன். 'இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததன்று. மனு முடித்து வைக்கலாம்.' மேலே கையெழுத்தாகி வந்தது. முறைப்படி ஒரு தவறும் இல்லை. எந்த அலுவலகத்தைச் சார்ந்தது என்று தேடி அனுப்ப அரை நாள் ஆகியிருக்கும். அன்று சனிக்கிழமை.

இரண்டு மாதம் கழித்து அவரைச் சந்தையில் பார்த்தேன். கேட்காமலே சொன்னார்: "ஜல்லியாயிடுச்சுங்க." திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் வரைந்த காகிதம் எங்கே? பத்து வருஷம் கழிந்ததும் கழிவுத் தாள்களோடு போயிருக்கும். அந்தக் கல்லில் இருந்தது ஒரு தானமோ, ஒரு தண்ணீர்ப் பங்கீடோ, எதுவோ. அவர் கை வரைந்ததுதான் அதன் ஒரே படி. அதை நான் கையில் வைத்திருந்தேன்.

அந்த விவசாயிக்குத் தன் ஊர்க் கல் தன்னுடையது என்று தெரிந்திருந்தது. சொல்வதற்குத்தான் இடமில்லை. அவர் ஊரிலேயே ஒரு மேரி இருந்து, ஒரு மேர் இருந்து, ஊர்ச் சொத்துப் பட்டியல் என்று ஒரு நோட்டு இருந்திருந்தால், இருபது மைல் பஸ்ஸேறி என்னைப் போன்ற ஒருவனின் சனிக்கிழமையை நம்பி வந்திருக்க மாட்டார்.

அதனால்தான் வேலிக்குள் இருக்கும் பெரிய கோயில்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அவற்றுக்குப் பலகை இருக்கிறது, காவலர் இருக்கிறார். வேலிக்கு வெளியே கிடப்பவைதான் போகின்றன. புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்களில் நீருக்கு நடுவே நிற்கும் குமிழித் தூம்புக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தூண், குறுக்கே பலகைக் கல், சிலவற்றில் எழுத்து. மதகைப் புதுப்பிக்கும்போது காண்டிராக்டருக்கு அது இடைஞ்சல். வயல் வரப்பில் நவகண்டக் கல், வீரன் கல். மாட்டைக் கட்டுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். துவைப்பதில்கூட எனக்கு வருத்தமில்லை, கல் இருக்கிறதே! திருப்பணி என்ற பெயரில் பழைய படிக்கல்லைப் பெயர்த்து வெளியே போட்டுவிட்டு வழவழவென்று கிரானைட் போடுகிறோமே, அதில்தான் வருத்தம். பெயர்த்துப் போட்ட கல்லின் அடிப்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று யார் திருப்பிப் பார்த்தார்கள்?

பணம் எங்கே என்பார்கள். நான் பணம் கேட்கவில்லை. வெஸ்லே கோயிலின் கூரைக்கும் அந்த ஐந்நூறு பேர் மட்டும் பணம் போட முடியாது. அரசாங்கமும் மேல் நிர்வாகங்களும் தருகின்றன. ஊர் தருவது வேறு: கண். தினமும் அதைப் பார்க்கிற கண். பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள், பாதிக்கு மேல் ஐந்நூறு பேருக்குக் குறைந்தவை. அத்தனை ஊரிலும் ஒரு ஆளுக்காவது தன் ஊர்க் கோயில் மணியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். செப்டம்பரில் ஒரு சனி ஞாயிறு, 1984 முதல், பூட்டிக் கிடக்கும் பழைய இடங்களை ஜனங்களுக்குத் திறந்து விடுகிறார்கள். வெளியூர்க் கைடு வருவதில்லை. அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும்தான் கைடு. தப்பும் தவறுமாகத்தான் சொல்வார்கள். சொல்கிறார்களே!

இங்கே கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோடு, தண்ணீர், நூறு நாள் வேலை பேசுகிறோம். அவை முதலில் வர வேண்டியவைதான். கடைசிப் பத்து நிமிஷத்தை எனக்குக் கொடுங்கள் என்கிறேன். எல்லைக்குள் இருக்கும் பழைய பொருள்களுக்கு ஒரு பதிவேடு. எந்தத் துறை வேலை செய்தாலும், கோயிலானாலும் கண்மாயானாலும், தொடங்குமுன் சபையில் சொல்லட்டும். முடித்த பிறகு திறப்பு விழாவுக்குக் கூப்பிட வேண்டாம். சங்கீதக் கல்வெட்டின் பொருளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டட்டும். பிள்ளைகளுக்காக வெட்டியது அல்லவா, பிள்ளைகளிடம் போய்ச் சேரட்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் நாலு வரி போதும். அந்த நாலு வரியை எப்படி எழுதினால் மேலே திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் திருப்பி அனுப்பியவன்.

வரும் அக்டோபர் 2-ஆம் தேதிக்கு நானே ஒரு பட்டியல் தயார் செய்திருக்கிறேன். மூன்று மாதமாகக் காலையில் நடக்கப் போகும்போது நோட்டும் அளவு டேப்பும் எடுத்துப் போனேன். வேலிக்கு வெளியே இருப்பவை மட்டும். கண்டது, எங்கே கண்டது, எத்தனை அடி, எழுத்து உண்டா இல்லையா. பதினோரு உருப்படி. பார்த்த எழுத்துகளைக் காகிதத்தில் வரைந்தும் வைத்திருக்கிறேன், எனக்கு அந்தப் பழைய எழுத்து படிக்கத் தெரியாது.

நேற்று மைத்துனர் வந்தபோது நோட்டை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். என் கதையெல்லாம் எடுபடாது என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"மச்சான், எங்க கிணத்து மேட்டுக் கல்லை விட்டுட்டீங்களே" என்றார். "அய்யா காலத்துல இருந்து அதுக்குப் பொங்க வக்கிறோம். பின்னாடி ஏதோ எழுத்திருக்கு."

பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டேன்.